சால்ட் அனாலிசிஸ்: பசங்க திரும்பத் திரும்பக் கேக்குற டவுட்டுங்க

பொங்கல் லீவு முடிஞ்சு பிராக்டிகல் தேதி வந்துட்டா போதும், எனக்கு வர்ற மெசேஜ்ல பாதி சால்ட் அனாலிசிஸ் (என்ன உப்புன்னே தெரியாம குடுத்தத டெஸ்ட் பண்ணி அதுல என்னென்ன இருக்குன்னு கண்டுபிடிக்கிறது) பத்திதான். கொஞ்ச வருஷம் ஸ்கூல் லேப்ல இருந்தேன், இப்போ சாயங்காலம் வீட்டுலயே டியூஷன் எடுக்குறேன், பசங்க மாறுறாங்க, கேள்வி மட்டும் மாறவே இல்ல. அதான் அவங்க கேட்ட மாதிரியே கேள்விய போட்டு கீழ பதில் எழுதி வெச்சிருக்கேன். லேசான கேள்வி மேல, குழப்புற கேள்வி கீழ.

படிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. எந்த டெஸ்ட்டுக்கு என்ன ரிசல்ட்னு இருக்குற டேபிள மனப்பாடம் பண்ணுங்க, அது வேணும், ஆனா ஒவ்வொரு வரியப் படிக்கும்போதும் "இதே ரிசல்ட்ட வேற எது குடுக்கும்?"னு ஒரு தடவ கேட்டுப் பாருங்க. கீழ இருக்குற குழப்பத்துல முக்கால்வாசி அந்தக் கேள்விய கேக்காம விட்டதால வந்ததுதான்.

அக்கா, அயான கண்ணால பாக்கவே முடியாது, அப்புறம் எப்படி "இருக்கு"ன்னு அடிச்சு சொல்றோம்?

அயான்னா உப்புல இருக்குற மின்னூட்டம் உள்ள துகள், அது செய்யுற வேலைய வெச்சு சொல்றோம். ஒரு கெமிக்கல ஊத்துனா கலர் மாறும், இல்லன்னா கேஸ் வரும், இல்லன்னா அடியில பொடியா ஏதாவது படியும் (அதத்தான் வீழ்படிவு, பிரெசிபிடேட்னு சொல்றோம்). இந்த மூணுல ஒண்ணு வரணும், அதுவும் அந்த அயானுக்கே உரிய மாதிரி வரணும்.

ஒரு உப்புல ரெண்டு பாதி இருக்கு. மயில்துத்தத்த எடுத்துக்கோங்க, அதுல காப்பர் ஒரு பாதி, சல்பேட் இன்னொரு பாதி. காப்பர் கேட்டயான், சல்பேட் ஆனயான், பழைய புக்ல பேசிக் ராடிக்கல் ஆசிட் ராடிக்கல்னு இருக்கும், ரெண்டும் ஒண்ணுதான். தண்ணில கரைச்ச உடனே ரெண்டும் பிரிஞ்சு தனித்தனியா சுத்துது, அதனால காப்பர தேடும்போது சல்பேட் பக்கம் போக வேண்டியதில்ல, சல்பேட்ட தேடும்போது காப்பர பத்திக் கவலைப்பட வேண்டியதில்ல. பெரும்பாலும் அப்படித்தான். ஒண்ணு இன்னொண்ணுக்கு குறுக்க வர்ற இடங்களும் இருக்கு, அது கீழ வரும்.

கலரப் பாத்தே பாதி கண்டுபிடிச்சிடலாம்னு சீனியர் சொன்னாங்க, நிஜமா?

ஊகிக்கலாம், முடிவு பண்ணக் கூடாது. நீலம்னா காப்பர், வெளிர் பச்சைன்னா ஃபெரஸ் இரும்பு, நல்ல பச்சைன்னா நிக்கல், மஞ்சள் கலந்த பழுப்புன்னா ஃபெர்ரிக் (ஃபெரஸும் ஃபெர்ரிக்கும் இரும்போட ரெண்டு வடிவம்), ரோஸ்னா கோபால்ட், ரொம்ப லேசான ரோஸ்னா மாங்கனீஸ். இதுல எதுவுமே இல்லாம வெள்ளையா இருந்தா இந்த லிஸ்ட்ட ஓரமா வெச்சிட்டு லெட், அலுமினியம், ஜிங்க், கால்சியம், ஸ்ட்ரான்ஷியம், பேரியம், மெக்னீசியம், அமோனியம்னு பக்கம் போகலாம்.

ஆனா மயில்துத்தத்த சூடு பண்ணிப் பாருங்க, அதுல இருக்குற தண்ணி போனதும் நீலம் போயி சாம்பல் கலந்த வெள்ளையா ஆயிடும். உள்ள காப்பர் அப்படியேதான் இருக்கு. ஒரு சொட்டு தண்ணி விட்டா திரும்ப நீலம். அதனால வெள்ளப் பொடின்னதும் காப்பர் இல்லன்னு எழுதிடாதீங்க, தண்ணில கரைச்சுப் பாத்துட்டு சொல்லுங்க.

டைல்யூட் ஆசிட் ஊத்துனதும் புஸ்ஸுன்னு நுரைச்சுது, கார்பனேட்னு எழுதுனேன், மார்க் கொறச்சுட்டாங்க. ஏன்?

நுரைச்சுதுன்னா கேஸ் வருதுன்னு மட்டும்தான் அர்த்தம், எந்த கேஸ்னு நீங்க சொல்லல. டைல்யூட் ஆசிடுக்கு கார்பனேட் கார்பன் டை ஆக்சைடு குடுக்கும், சல்பைட் சல்ஃபர் டை ஆக்சைடு குடுக்கும், சல்பைடு அழுகின முட்ட நாத்தம் அடிக்கிற ஹைட்ரஜன் சல்பைடு குடுக்கும், நைட்ரைட் பழுப்புப் புகை குடுக்கும். மூக்கும் கண்ணும் ஓரளவுக்கு பிரிச்சிடும், மீதிய சுண்ணாம்புத் தண்ணி பிரிக்கும்.

இங்கதான் நிறைய பேரு விழுறாங்க. சுண்ணாம்புத் தண்ணி பால் மாதிரி ஆயிட்டா கார்பனேட்தான்னு நெனச்சுக்குறாங்க, ஆனா சல்ஃபர் டை ஆக்சைடும் அத பால் மாதிரி ஆக்கும். வித்தியாசம் என்னன்னா சல்ஃபர் டை ஆக்சைடு தீக்குச்சி உரசுனப்ப மூக்குல ஏறுற மாதிரி நெடி அடிக்கும், ஆசிட் கலந்த பொட்டாசியம் டைகுரோமேட்ல நனைச்ச பேப்பர டியூப் வாயில காட்டுனா ஆரஞ்சு பச்சையா மாறும். கார்பன் டை ஆக்சைடுக்கு வாசனையும் கிடையாது, அந்த பேப்பர் மாறவும் மாறாது. ரெண்டையும் பாத்துட்டு எழுதுனா மார்க்க யாரும் கொறைக்க முடியாது.

சுண்ணாம்புத் தண்ணி வெள்ளையாச்சு, பாத்துட்டே இருக்கும்போது மறுபடி தெளிஞ்சு போச்சு. டெஸ்ட் ஃபெயிலா?

இல்ல, கேஸ் ரொம்ப நேரமா விட்டுட்டீங்க. முதல்ல வந்த வெள்ள கால்சியம் கார்பனேட், அது தண்ணில கரையாது. மேல மேல கேஸ் போனா அது கால்சியம் பைகார்பனேட்டா மாறி கரைஞ்சிடும். தெளிஞ்சத சூடு பண்ணுங்க, திரும்ப வெள்ள வரும். போர் தண்ணி கொதிக்க வெக்கிற பாத்திரத்துக்கு அடியில வெள்ளையா ஏடு கட்டுமே, அதுவும் இதே கதைதான். வெள்ளையான உடனே டியூப எடுத்துட்டு அப்சர்வேஷன் எழுதிடுங்க.

கார்பனேட்டா பைகார்பனேட்டான்னு கேட்டா என்ன பண்றது? ரெண்டும் ஒரே மாதிரி நுரைக்குது.

தண்ணில கரையுற உப்பா இருந்தா மெக்னீசியம் சல்பேட் சொல்யூஷன் கொஞ்சம் ஊத்துங்க. கார்பனேட்னா சூடு பண்ணாமயே வெள்ள படியும். பைகார்பனேட்னா ஒண்ணும் ஆகாது, சூடு பண்ணா அப்புறம் படியும். ஆப்ப சோடாவையும் வாஷிங் சோடாவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒரு தடவ பண்ணிப் பாத்தீங்கன்னா மறக்கவே மாட்டீங்க.

மார்பிள் துண்டுல டைல்யூட் சல்ஃப்யூரிக் ஆசிட் ஊத்துனேன், கொஞ்சம் நுரைச்சு நின்னு போச்சு. ஆசிட் பழசா?

ஆசிட் நல்லாதான் இருக்கு. கால்சியம் சல்பேட் உருவாகி கல்லு மேல ஒரு போர்வை மாதிரி மூடிடுது, அதுக்கப்புறம் ஆசிட் உள்ள போக முடியல. ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஊத்துங்க, கால்சியம் குளோரைடு கரையுற உப்பு, நுரை நிக்காது. லெட் கார்பனேட்டா இருந்தா இந்த ரெண்டு ஆசிடுமே மந்தமாயிடும் (லெட் சல்பேட்டும் சரியா கரையாது, லெட் குளோரைடும் சரியா கரையாது), அப்போ டைல்யூட் நைட்ரிக் ஆசிட்தான்.

சில்வர் நைட்ரேட்டுக்கு முன்னாடி நைட்ரிக் ஆசிட் எதுக்கு ஊத்தணும்? ஹைட்ரோகுளோரிக் ஆசிட் பக்கத்துலயே இருந்துச்சு, அத ஊத்துனேன்.

சில்வர் நைட்ரேட் ஊத்துறதே குளோரைடு இருக்கான்னு பாக்கத்தான், ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல இருக்குறதே குளோரைடு தானே. நீங்க தேடுற பொருள நீங்களே டியூப்ல போட்டுட்டீங்க, அப்போ எந்த உப்பா இருந்தாலும் வெள்ள வரத்தான் செய்யும்.

நைட்ரிக் ஆசிட் எதுக்குன்னா, கார்பனேட் இருந்தா அதுவும் சில்வரோட சேந்து வெளுத்தாப்ல படியும். ஆசிட் ஊத்துனா கார்பனேட் கேஸா பறந்துடும். நைட்ரேட் எந்த மெட்டலோடயும் சேந்து படியாது, அதனால அந்த ஆசிட் எந்தப் பக்கமும் சாயாம தன் வேலைய மட்டும் பாக்கும். சல்பேட் டெஸ்ட்டுக்கு பேரியம் குளோரைடு ஊத்தும்போதும் இதே யோசனைதான், ஆனா அங்க ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஊத்தலாம், சல்ஃப்யூரிக் ஊத்தக் கூடாது. ஏன்னு இப்போ நீங்களே சொல்லிடுவீங்க.

எங்க பேட்ச்ல எல்லாருக்குமே குளோரைடு வந்துச்சு, ஆனா எல்லாருக்கும் வேற வேற உப்பு. எப்படி?

இது நான் லேப்ல இருந்தப்ப என் கண்ணு முன்னாடி நடந்தது, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். அன்னைக்கு டிஸ்டில்ட் வாட்டர் கேன் காலி, பசங்க அவசரத்துல குழாய்த் தண்ணிலயே உப்ப கரைச்சுட்டாங்க. சில்வர் நைட்ரேட் ரெண்டு சொட்டு விட்டதும் இருபது டியூப்லயும் வெள்ளையா கலங்கல். ஒரு பொண்ணு மட்டும் நைட்ரேட் உப்பு வாங்கியிருந்தா, பிரவுன் ரிங்கும் (நைட்ரேட்டுக்கு வர்ற பழுப்பு வளையம்) அழகா வந்திருக்கு, குளோரைடும் வந்திருக்கு, அழுகுற மாதிரி வந்து நின்னா. வேற ஒண்ணும் பண்ணல, காலி டியூப்ல குழாய்த் தண்ணிய மட்டும் பிடிச்சு நைட்ரிக் ஆசிட், சில்வர் நைட்ரேட் விட்டுக் காட்டுனேன். உப்பே போடாத தண்ணி, அதே கலங்கல். போர் தண்ணில குளோரைடு இருக்கு, அவ்வளவுதான் விஷயம்.

இதுக்குப் பேரு பிளாங்க் டெஸ்ட். சாம்பிள் இல்லாம மத்த எல்லாத்தையும் ஊத்திப் பாக்குறது. டவுட் வந்தா அர நிமிஷத்துல முடிஞ்சிடும். இன்னொண்ணும் கவனிங்க, அந்தக் கலங்கல் லேசா புகை மாதிரி இருந்துச்சு, நெஜமான குளோரைடு உப்புக்கு தயிர் திரிஞ்ச மாதிரி கட்டி கட்டியா வரும். "லேசான கலங்கல்"னு கண்ணு சொன்னா கையும் அதையே எழுதணும், "வெள்ளை வீழ்படிவு"ன்னு டேபிள்ல இருக்குறத எழுதக் கூடாது.

குளோரைடு வெள்ள, புரோமைடு வெளிர் மஞ்சள், அயோடைடு மஞ்சள்னு புக்ல இருக்கு, டியூப் லைட் வெளிச்சத்துல எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுது!

உண்மதான், வெள்ளைக்கும் வெளிர் மஞ்சளுக்கும் நடுவுல கண்ண நம்பாதீங்க. அமோனியா சொல்யூஷன ஊத்துங்க. குளோரைடு சுலபமா கரைஞ்சிடும், புரோமைடு பாதியும் கரையாம நிக்கும், அயோடைடு அசையாது. கரைஞ்ச டியூப்ல நைட்ரிக் ஆசிட் ஊத்துனா வெள்ள திரும்ப வந்துடும், அது இன்னும் உறுதி. படிஞ்சத வெளிச்சத்துல ரொம்ப நேரம் வெச்சிருந்தா கத்தரிப்பூ கலர்ல கறுத்துடும், அது உங்க தப்பு இல்ல, சில்வர் உப்புக்கு வெளிச்சம் ஆகாது.

குரோமைல் குளோரைடு டெஸ்ட் எனக்கு ஒரு தடவகூட வந்ததில்ல.

குளோரைடு இருந்தா சிவப்பு ஆவி வர்ற டெஸ்ட் இது, வரலன்னா டியூப் ஈரமா இருந்திருக்கும். உப்பும் பொட்டாசியம் டைகுரோமேட்டும் பொடியா, டியூப் காஞ்சு, அப்புறம்தான் கான்சன்ட்ரேட்டட் சல்ஃப்யூரிக் ஆசிட். சில்வர், மெர்க்குரி, லெட் குளோரைடுகளுக்கு இந்த டெஸ்ட் வராது, அது அந்த உப்போட குணம்.

சிவப்பு ஆவி வந்துட்டா மட்டும் குளோரைடுன்னு நிறுத்திடாதீங்க, புரோமைடும் செம்பழுப்பா புரோமின் ஆவி விடும். ஆவிய சோடியம் ஹைட்ராக்சைடுல விடுங்க, குரோமைல் குளோரைடுன்னா மஞ்சளா ஆகும், அதுல அசிடிக் ஆசிடும் லெட் அசிடேட்டும் விட்டா மஞ்சள் படியும். புரோமினுக்கு அந்த மஞ்சள் வராது. குரோமியம் கெட்ட சாமான், மிச்சத்த சிங்க்ல ஊத்தாம மிஸ் சொல்ற பாட்டில்ல ஊத்துங்க.

சோடியம் கார்பனேட் எக்ஸ்ட்ராக்ட் எதுக்குன்னே புரியல. அத வெச்சு பண்ணா எல்லா உப்புக்கும் சல்பேட் வருது.

ரெண்டு கேள்வியும் ஒண்ணுதான். சில உப்பு தண்ணில கரையாது, ஆனயான் உள்ளயே மாட்டிக்கும். சில உப்புல இருக்குற மெட்டல் குறுக்க வரும், லெட் இருந்தா பேரியம் குளோரைடு ஊத்துனதும் லெட் குளோரைடே வெள்ளையா படிஞ்சு சல்பேட் மாதிரி ஏமாத்தும். உப்ப சோடியம் கார்பனேட்டோட தண்ணில கொதிக்க வெச்சா மெட்டல்ல பெரும்பாலும் கார்பனேட்டாவோ ஹைட்ராக்சைடாவோ அடியில படிஞ்சிடும், ஆனயான் சோடியத்தோட சேந்து மேல தண்ணிக்கு வந்துடும். வடிகட்டுனா அந்தத் தண்ணிதான் எக்ஸ்ட்ராக்ட்.

இப்போ அதுல நீங்க அள்ளிப் போட்ட கார்பனேட் மிச்சம் நிறைய இருக்கு. ஆசிட் ஊத்தாம பேரியம் குளோரைடு விட்டா பேரியம் கார்பனேட் வெள்ளையா கொட்டும், நீங்க சல்பேட்னு எழுதுவீங்க. மேல சில்வர் நைட்ரேட் கேள்வில சொன்ன அதே வேலைய இங்க பண்ணணும், நுரை முழுசா நிக்குற வரைக்கும் ஆசிட், சொட்டு சொட்டா, டியூப ஆட்டிக்கிட்டே. நுரை நின்னுதான்னு லேசா சூடு பண்ணியும் பாருங்க. கார்பனேட் இருக்கான்னு எக்ஸ்ட்ராக்ட்ல தேடக் கூடாது, அது ஒரிஜினல் உப்புல பாக்க வேண்டியது.

சல்பைட்டுக்கும் பேரியம் வெள்ள வருது, சல்பேட்டுக்கும் வருது. எப்படிப் பிரிக்கிறது?

பேரியம் சல்பைட் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல கரைஞ்சிடும், பேரியம் சல்பேட் எந்த ஆசிட்டையும் கண்டுக்காது. ஆனா கரைச்சுப் பாக்க நைட்ரிக் ஆசிட் எடுத்துடாதீங்க, அது சல்பைட்ட ஆக்சிஜனேற்றம் பண்ணி சல்பேட்டாவே மாத்திடும், அப்புறம் கரையாம நின்னு உங்கள ஏமாத்தும்.

பிரவுன் ரிங் வரவே மாட்டேங்குது. பக்கத்துல இருக்குறவனுக்கு சூப்பரா வருது.

மொதல்ல ஃபெரஸ் சல்பேட் எப்போ கரைச்சதுன்னு கேளுங்க. போன வாரத்து பாட்டில்னா காத்து பட்டு ஃபெர்ரிக்கா மாறி மஞ்சளாயிருக்கும், அது வேலைக்கு ஆகாது. வெளிர் பச்சை படிகத்த எடுத்து அப்போவே கரைச்சுக்கோங்க. ரெண்டாவது, கை. டியூப சாய்ச்சுப் பிடிச்சு, கான்சன்ட்ரேட்டட் சல்ஃப்யூரிக் ஆசிட்ட சொட்டு சொட்டா கண்ணாடிச் சுவர் ஓரமா எறங்க விடணும், ஆசிட் கனம், அது அடியில போய் உக்காரும், மேல உப்புத் தண்ணி, ரெண்டும் சேர்ற கோட்டுல ரிங். டியூப ஆட்டுனா ரிங் போச்சு, சூடாயிட்டாலும் போச்சு. குழாய்த் தண்ணில வெளிப்பக்கமா டியூப குளிர வெச்சுட்டு ஒரு நிமிஷம் பொறுங்க.

எப்பவும் கேக்குற கேள்வி இங்கயும் உண்டு, வேற எது பழுப்பு குடுக்கும்? புரோமைடும் அயோடைடும் அந்த ஆசிட் பட்டா புரோமின், அயோடின் விட்டு பழுப்பாக்கும். நைட்ரைட்டும் குடுக்கும், ஆனா அது டைல்யூட் ஆசிட்லயே முழு டியூபும் பழுப்பாயிடும், ரிங்கா நிக்காது. அதனால டைல்யூட் ஆசிட் ஸ்டெப்ப தாண்டாம நேரா பிரவுன் ரிங்குக்கு ஓடாதீங்க.

ஃபிளேம் டெஸ்ட்ல என்ன வெச்சாலும் மஞ்சளாவே எரியுது.

சோடியம் எங்கயும் இருக்கும், உங்க விரல் வேர்வைல, கழுவாத கம்பில, ஊதுன தூசில. துளி இருந்தாலே மஞ்சள் மத்ததெல்லாம் மறைச்சிடும். கம்பிய கான்சன்ட்ரேட்டட் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல முக்கி நெருப்புல காட்டி, திரும்ப முக்கி, நெருப்புல கலரே வராத வரைக்கும் பண்ணுங்க. அந்த ஆசிட்லயே உப்ப குழைச்சு பேஸ்ட்டாக்குறதும் காரணத்தோடதான், குளோரைடா மாறுனா சுலபமா ஆவியாகும், நெருப்புல கலர் பளிச்சுனு வரும். பொட்டாசியம் இருக்கான்னு டவுட்னா நீல கோபால்ட் கண்ணாடி வழியா பாருங்க, மஞ்சள கண்ணாடி முழுங்கிடும், ஊதா தெரியும்.

கால்சியம் செங்கல் சிவப்பு, ஸ்ட்ரான்ஷியம் ரத்தச் சிவப்பு, பேரியம் வெளிர் பச்சை, காப்பர் நீலம் கலந்த பச்சை. சிவகாசி மத்தாப்புல நீங்க பாத்த சிவப்பும் பச்சையும் இதே ஸ்ட்ரான்ஷியமும் பேரியமும்தான். பேரியம் உப்பு பட்டாசுல போடக் கூடாதுன்னு 2018-ல சுப்ரீம் கோர்ட் தடை போட்டுச்சு. இந்த நெருப்புக் கலர லேசா நெனைக்காதீங்க, 1860-ல பன்சனும் கிர்ச்சாஃபும் ஜெர்மனில ஒரு ஊத்துத் தண்ணிய காய்ச்சி, அதோட வெளிச்சத்த பட்டகம் வழியா பிரிச்சுப் பாத்து, அதுவரைக்கும் யாருக்கும் தெரியாத ரெண்டு நீலக் கோடு இருந்தத வெச்சே சீசியம்ங்குற தனிமத்த கண்டுபிடிச்சாங்க. லேப்ல நீங்க பத்த வெக்கிற பர்னர் அதே பன்சன் பேர்லதான் இருக்கு.

அமோனியத்த ஏன் மொதல்லயே பாத்துடணும்? கடைசில பாத்தா என்ன?

கேட்டயான்கள குரூப் குரூப்பா பிரிச்சு, ஒவ்வொரு குரூப்பையும் அதுக்குரிய கெமிக்கல ஊத்திப் படிய வெச்சுத் தேடுறோம். மூணாவது குரூப்புக்கு நீங்களே அமோனியம் குளோரைடும் அமோனியம் ஹைட்ராக்சைடும் ஊத்துவீங்க, அப்புறம் தேடுனா கண்டிப்பா கிடைக்கும், உப்புல இல்லன்னாலும் கிடைக்கும். ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஊத்திட்டு குளோரைடு தேடுன கதையேதான். ஒரிஜினல் உப்ப சோடியம் ஹைட்ராக்சைடோட சூடு பண்ணி, ஈரமான சிவப்பு லிட்மஸ் பேப்பர டியூப் வாய்ல, கண்ணாடில படாம பிடிங்க, கண்ணாடில சோடியம் ஹைட்ராக்சைடு ஒட்டியிருந்தா அதுவே நீலமாக்கிடும். உறுதிப்படுத்த நெஸ்லர் ரீஏஜென்ட், பழுப்பா படியும். அதுல மெர்க்குரி இருக்கு, கைல படாம பாத்துக்கோங்க.

குரூப் வரிசைய மாத்திப் பண்ணக் கூடாதா? நேரா நாலாவது குரூப் போனா என்ன?

ரெண்டாவது குரூப்புக்கும் நாலாவது குரூப்புக்கும் ஊத்துறது ஒரே ஹைட்ரஜன் சல்பைடுதான், அதக் கவனிச்சீங்களா? வித்தியாசம் ஆசிட்ல இருக்கு. ரெண்டாவதுல ஹைட்ரோகுளோரிக் ஆசிட் இருக்கு, அதுல இருக்குற ஹைட்ரஜன் அயான் சல்பைட அமுக்கி வெக்குது, தண்ணில சல்பைடு அயான் துளிதான் இருக்கும், அந்தத் துளியே காப்பருக்கும் லெட்டுக்கும் படியப் போதும். ஜிங்க், மாங்கனீஸ், நிக்கல், கோபால்ட்டுக்கு அது பத்தாது. நாலாவதுல அமோனியா ஊத்தி ஆசிட்ட கொல்றோம், சல்பைடு பெருகுது, இப்போ இவங்களும் படியுறாங்க. நேரா நாலாவது போனா காப்பரும் அங்கயே கறுப்பா படியும், நிக்கல்னு நெனச்சு எழுதுவீங்க. வரிசைங்குறது சல்லடை மாதிரி, பெரிய கண்ணுல நின்னது போக மீதிதான் அடுத்த சல்லடைக்கு வரணும்.

மூணாவது குரூப்புக்கு முன்னாடி நைட்ரிக் ஆசிட் ஊத்திக் கொதிக்க வெக்கச் சொல்றாங்க, அமோனியம் குளோரைட மொதல்ல போடச் சொல்றாங்க. வரிசைய மறந்தா என்ன கெட்டுப் போகும்?

ஹைட்ரஜன் சல்பைடு போகும்போது ஃபெர்ரிக் இரும்பு ஃபெரஸா மாறிடும். ஃபெரஸ் ஹைட்ராக்சைடு இந்த நிலைமைல முழுசா படியாது, செம்பழுப்பு வராம இரும்ப கோட்ட விட்டுடுவீங்க. மொதல்ல கொதிக்க வெச்சு ஹைட்ரஜன் சல்பைட முழுசா ஓட்டிடுங்க (லெட் அசிடேட் பேப்பர டியூப் வாயில காட்டுனா கறுக்கக் கூடாது), அப்புறம் ரெண்டு மூணு சொட்டு கான்சன்ட்ரேட்டட் நைட்ரிக் ஆசிட், இரும்பு திரும்ப ஃபெர்ரிக் ஆயிடும். ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும்போதே நைட்ரிக் ஊத்துனா கந்தகம் வெளுப்பா மிதக்கும், அது வேற குழப்பம்.

அமோனியம் குளோரைடு, முன்னாடி சொன்ன மாதிரி அமுக்கி வெக்குற வேலதான் பண்ணுது, இங்க ஹைட்ராக்சைட அமுக்குது. கொஞ்சமா இருக்குற ஹைட்ராக்சைடுக்கு இரும்பும் அலுமினியமும் குரோமியமும் மட்டும் படியும். அது இல்லாம அமோனியா ஊத்துனா மெக்னீசியமும் வெள்ளையா வந்து அலுமினியம்னு நிக்கும்.

வெள்ளையா ஒரு படிவு வந்திருக்கு, அலுமினியமா ஜிங்கா லெட்டா? மூணுமே சோடியம் ஹைட்ராக்சைடுல கரையுதே.

சோடியம் ஹைட்ராக்சைடு அதிகமா ஊத்துனா மூணும் கரையும், அதுவரைக்கும் சரி. புதுசா ஒரு டியூப் எடுத்து அமோனியா அதிகமா ஊத்துங்க, ஜிங்க் கரையும், மத்த ரெண்டும் கரையாது. லெட்டா அலுமினியமான்னு பொட்டாசியம் அயோடைடு சொல்லிடும், லெட்னா மஞ்சள். அந்த மஞ்சள சூடு தண்ணில கரைச்சு ஆற விடுங்க, தங்க ஜரிகைய நறுக்கிப் போட்ட மாதிரி மினுமினுன்னு மெதுவா எறங்கும், லேப்லயே எனக்கு ரொம்பப் பிடிச்ச காட்சி அதுதான்.

லெட் மொதல் குரூப்லயும் இருக்கு, ரெண்டாவதுலயும் இருக்கு. புக் தப்பா?

புக் சரி. லெட் குளோரைடு முழுசா கரையாத உப்பு இல்ல, 20 டிகிரில 100 மில்லி தண்ணிக்கு சுமார் 1 கிராம் கரையும், கொதிக்குற தண்ணில அதப்போல மூணு மடங்கு. அதனால மொதல் குரூப்ல படியாம தப்பிச்ச லெட் ரெண்டாவதுல சல்பைடா கறுப்பா மாட்டும். சொல்யூஷன் நீர்த்திருந்தா இல்ல சூடா இருந்தா மொதல் குரூப்ல வெள்ளையே வராம போகலாம். குழாய்ல குளிர வெச்சுப் பாருங்க.

அஞ்சாவது குரூப்ல பேரியம், ஸ்ட்ரான்ஷியம், கால்சியம்னு வரிசையாத்தான் பாக்கணுமா?

ஆமா. கால்சியத்துக்கு ஊத்துற அமோனியம் ஆக்சலேட்டுக்கு பேரியமும் ஸ்ட்ரான்ஷியமும் கூட வெள்ளையா வரும், ஸ்ட்ரான்ஷியத்துக்கு ஊத்துற அமோனியம் சல்பேட்டுக்கு பேரியமும் வரும். அசிடிக் ஆசிட்ல பொட்டாசியம் குரோமேட் ஊத்துனா மட்டும் பேரியம் தனியா மஞ்சளா நிக்கும். ஒவ்வொருத்தரா வெளிய அனுப்பிட்டுதான் அடுத்தவங்கள கூப்புடணும். ஃபிளேமும் ஒத்துப் போகுதான்னு பாத்துக்கோங்க.

ஹைட்ரஜன் சல்பைடு நாத்தம் பழகிட்டா தெரியலயே, அப்போ பயம் இல்லதானே?

அப்போதான் பயப்படணும். அளவு கூடுனா அது மூக்க மரத்துப் போக வெச்சிடும், வாசனை போனது கேஸ் போனதா அர்த்தம் இல்ல. ஜன்னல் திறந்திருக்கணும், ஃபியூம் கப்போர்ட் இருந்தா அதுக்குள்ளதான். எந்த கேஸையும் டியூப்ல மூக்க வெச்சு மோந்து பாக்காதீங்க, கையால விசிறி இழுங்க. லெட், பேரியம் தொட்ட கையோட டிஃபன் பாக்ஸ திறக்காதீங்க.

வீட்ல ஏதாவது பண்ணிப் பாக்க முடியுமா அக்கா? லேப்ல நாலு தடவதான் விடுறாங்க.

முடியும். நாட்டு மருந்துக் கடைல நவச்சாரம்னு கேளுங்க, அது அமோனியம் குளோரைடு. ஒரு சிட்டிகையோட வெத்தல சுண்ணாம்பு கொஞ்சம் குழைச்சு, மஞ்சள் தடவுன ஈரப் பேப்பர மேல பிடிச்சா சிவக்கும். ஆரத்தித் தண்ணி சிவப்பாகுறது எதனாலயோ அதனாலதான், அமோனியாவும் சுண்ணாம்பு மாதிரி காரம். பேப்பர காத்துல காட்டுனா அமோனியா பறந்து மஞ்சள் திரும்பும். ஜன்னல் ஓரமா பண்ணுங்க. அன்னபேதி ஃபெரஸ் சல்பேட், அத தண்ணில கரைச்சு ஆறுன டீ டிகாஷன்ல விட்டா மை மாதிரி கறுக்கும். மயில்துத்தம் வேணாம், அது விஷம், வீட்டுப் பாத்திரத்துக்குப் பக்கத்துலயே வர வேண்டாம்.

கன்ஃபர்மேட்டரி டெஸ்ட் வரல, ஆனா மத்த எல்லாம் பாத்தா அலுமினியம்னுதான் தெரியுது. வந்த மாதிரி எழுதிடலாமா?

வேணாம் கண்ணு. வராதத வந்துச்சுன்னு எழுதுனா அன்னைக்கு மார்க் கிடைக்கலாம், ஆனா டெஸ்ட் ஏன் வரலன்னு தெரியாமயே போயிடும். லேக் டெஸ்ட் (அலுமினியத்த உறுதி பண்ற டெஸ்ட்) வரலன்னா பெரும்பாலும் அமோனியா ஒரேயடியா கொட்டியிருப்பீங்க. படிவ டைல்யூட் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல கரைச்சு, நீல லிட்மஸ் ரெண்டு சொட்டு விடுங்க, அது சிவக்கும். இப்போ அமோனியாவ சுவர் ஓரமா ஒவ்வொரு சொட்டா. நிறமில்லாத தண்ணில நீலமா ஒரு பஞ்சு மாதிரி மிதக்கணும், முழு டியூபும் நீலமா இருந்தா அது வெறும் லிட்மஸ், அலுமினியம் இல்ல. டைம் இல்லன்னா நடந்தத அப்படியே எழுதி, மூணாவது குரூப்ல வெள்ளக் கூழ் வந்தத, அமோனியால கரையாதத, சோடியம் ஹைட்ராக்சைடுல கரைஞ்சத காரணமா காட்டி "அலுமினியமா இருக்கலாம்"னு எழுதுங்க.